விளக்கோ பச்சை, சொல்லோ நீலம்

ஜப்பானிய மொழியைக் கற்கப் புகும் ஒருவர், பாடநூலை மூடிவிட்டுத் தெருவில் இறங்கியதும் திகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. நாற்சந்தியில் எரிவது பச்சை விளக்கு. அருகில் நிற்பவரோ அதனை ‘அவோ ஷிங்கோ’ என்கிறார். ‘ஷிங்கோ’ என்பது சைகை. ‘அவோ’ என்பது நீலம். பச்சைக்கு ‘மிதோரி’ என்னும் தனிச்சொல் இருக்க, நீலம் எவ்வாறு இங்குப் புகுந்தது? இவ்வினாவிற்கு விடை காண மொழி வரலாற்றைத்தான் நாடவேண்டும்.

பழைய ஜப்பானிய மொழியில் நிறங்களுக்கு அடிப்படைச் சொற்களாக வழங்கியவை நான்கு. அவை அகா, அவோ, ஷிரோ, குரோ என்பன. இன்றைய வழக்கில் இவற்றை முறையே சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு எனலாம். ஆயின் அன்றைய அவோ, வானையும் கடலையும் மட்டுமன்றிப் புல்லையும் இலையையும் தன்னுள் அடக்கி நின்றது. மிதோரி என்பதோ தொடக்கத்தில் நிறத்தைவிடத் தளிரையும் அதன் இளமையையுமே குறித்தது என்பர் மொழியறிஞர். கைக்குழந்தையை ‘மிதோரிகோ’ எனச் சுட்டும் வழக்கு, எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற ‘மன்யோஷு’ என்னும் பாடல் தொகையிலேயே காணப்படுகிறது. நாம் பச்சைக் குழந்தை என்பதும் அதுவே அன்றோ! பிற்காலத்தில் மிதோரி நிறப்பெயராக நிலைபெற்ற பின்னரும் அவோ தன் பழைய உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. இளந்தழை ‘அவோபா’, பச்சை ஆப்பிள் ‘அவோ ரிங்கோ’, பக்குவப்படாத இளைஞன் ‘அவோநிசை’.

இப்பின்னணியில்தான் சாலை விளக்கின் கதை தொடங்குகிறது. 1930ஆம் ஆண்டு மார்ச்சில் தோக்கியோவின் ஹிபியா சந்தியில், அமெரிக்காவிலிருந்து தருவிக்கப்பெற்ற தானியங்கி மின்விளக்குச் சைகை நிறுவப்பெற்றது. நிறங்களின் பொருள் மக்களுக்கு விளங்காமையால், ‘செல்க’, ‘கவனம்’, ‘நிற்க’ என்னும் பொருள்தரும் சொற்களை விளக்குகளின் மீதே எழுதி வைக்க நேர்ந்தது. அன்றைய சட்டம் செல்லும் சைகையைப் பச்சை என்றே குறித்தது. கண்ணுக்குத் தெரிந்த நிறமும் அதுவே. ஆயினும் செய்தித்தாள்களும் மக்களும் அதனை அவோ என்றே வழங்கினர். அகாவுக்கு எதிர்நிற்கும் இணைச்சொல்லாக அவர்தம் செவிக்கு இயைந்தது அவோதான்.

ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் சட்டம் ஒன்று சொல்ல, தெரு வேறொன்று சொல்லிற்று. இறுதியில் இறங்கி வந்தது சட்டமே. 1947இல் இயற்றப்பெற்ற சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் அவோ என்னும் சொல் இடம்பெற்றது. கதை அத்துடன் முடியவில்லை. சொல் நீலம் என்க, விளக்குப் பச்சையாய் எரிவது பொருந்தாமை உணர்ந்த அரசு, 1973இல் பச்சை என்னும் எல்லையைக் கடவாமல் இயன்ற அளவு நீலம் தழுவிய நிறத்தை விளக்கிற்கு வகுத்தது. பொருளை நோக்கிச் சொல் அமைவதே உலகியல். இங்கோ சொல்லை நோக்கிப் பொருள் தன் நிறத்தைச் சற்றே மாற்றிக்கொண்டது.

மாணவர் கட்டுரையில் வழக்குச் சொல்லைக் கண்டவுடன் சிவப்பு மையைத் தேடும் என் போன்ற ஆசிரியர்க்கு இவ்வரலாறு ஓர் எச்சரிக்கை. பசும்பொன் என்கிறோம், பொன் பச்சையன்று. காய்கறியை வேகவைக்காமல் உண்பதைப் ‘பச்சையாக’ உண்பது என்கிறோம். அது சிவந்த தக்காளியாயினும் சரியே. நிறம் பார்த்துத் திருத்தப் புகுந்தால் நாம் இழப்பது பிழையையன்று, மரபை. தொல்காப்பியச் சிறப்புப் பாயிரமும் வழக்கை முன்வைத்து, அதன்பின்னரே செய்யுளைக் கூறுகிறது.

வழக்கென வருவன எல்லாம் கொள்ளத்தக்கன அல்ல என்பதும் உண்மையே. அவோ வென்றது அது பெரும்பான்மை என்பதால் மட்டுமன்று; பச்சையையும் ஏற்கும் அகலம் அச்சொல்லுக்குத் தொன்றுதொட்டே இருந்தமையாலும் ஆகும். ஆகவே ஒரு சொல்லை அடிக்கும் முன் அதன் வேரைத் தோண்டிப் பார்த்தல் நம் கடமையாகிறது. பத்தாண்டுகளாகச் சொற்களோடு உறவாடிவரும் நம் வட்டத்துக் கவிஞர்களும், அவர்தம் கவிதைகளைத் திருத்த முனையும் என் போன்றோரும், அடுத்த முறை நாற்சந்தியில் காத்து நிற்கையில் இதனை ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.