கேட்பார் உள்ள தலைமை

சங்கரன்கோவிலின் தலபுராணம் ஒரு வழக்கில் தொடங்குகிறது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்னும் இரு நாக அரசர்கள் வாதிட்டார்கள். கோமதி அம்மன் தவமிருந்தாள். இறைவன் இரு பாதியும் ஓருருவான சங்கரநாராயணராகக் காட்சி தந்து வழக்கைத் தீர்த்துவைத்தார். ஆண்டுதோறும் ஆடித்தபசுக்குக் கூடும் பெருங்கூட்டம் அந்தக் காட்சிக்காகவே வருகிறது. ‘யார் பெரியவர்’ என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் பழக்கமானது.

வேதாகமத்திலும் அதே கேள்வி எழுகிறது. அது எழுந்த வேளைதான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. இயேசு சீடரோடு உண்ட கடைசி இராப்போசனத்தில், அப்பமும் பாத்திரமும் பகிரப்பட்ட பிறகு, தங்களில் யார் பெரியவர் என்று சீடர்கள் வாதாடினார்கள் என்கிறார் லூக்கா (22:24). அந்த இரவில்தான் ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு அவர்கள் கால்களைக் கழுவினார் என்கிறார் யோவான் (13). திருச்சபைத் தலைமை பற்றிய சிந்தனை இந்தப் பந்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தாழ்மை என்று எதைச் சொல்கிறோம்? குனிந்த தலையும் மெல்லிய குரலும் தாழ்மைக்குப் போதுமா? இருதய உத்தமம் என்பது குற்றமே இல்லாத வாழ்வா?

சவுலும் தாவீதும்

சவுலின் தொடக்கம் தாழ்மையான தொடக்கம். ராஜாவாக அறிவிக்கப்படும் நாளில் அவன் தளவாடங்களுக்குள் ஒளிந்துகொண்டிருந்தான் (1 சாமுவேல் 10:22). அதே சவுல் அமலேக்கியரை வென்று திரும்பும் வழியில் கர்மேலில் தனக்கென்று ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டினான் (15:12). இடையில் மாறியது என்ன? தீர்க்கதரிசி சாமுவேல் கேள்வி கேட்டபோது அது வெளிப்பட்டது. முதலில் கர்த்தரின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேன் என்றான். பிறகு பழியை ஜனங்கள்மேல் போட்டான். கடைசியில் தவறை ஒப்புக்கொண்டபோதும், மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி கேட்டான். அவனுக்குப் பாவத்தைவிட மரியாதைதான் பெரிதாய் இருந்தது.

தாவீதின் குற்றம் சவுலின் குற்றத்தைவிடக் கொடியது. உரியாவின் மனைவியை எடுத்தான். உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். ஆனாலும் 78-ஆம் சங்கீதம், ஆட்டுத்தொழுவத்திலிருந்து எடுக்கப்பட்ட அந்த மேய்ப்பன் தன் ஜனத்தை இருதய உத்தமத்தோடும் கைத்திறத்தோடும் மேய்த்தான் என்று சாட்சி சொல்கிறது. எப்படி? அந்தக் குற்றத்தைக் கண்டிக்கத் தீர்க்கதரிசி நாத்தான் வந்து நின்றபோது தாவீது வாதாடவில்லை. தீர்க்கதரிசியைச் சிறைப்படுத்தவில்லை. ‘நான் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தேன்’ என்ற பொருளில் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டான். அரண்மனைக்குள் நாத்தான் வந்துபோக வழி இருந்தது. உள்ளே வந்தவனின் தலையும் தப்பியது. அந்த ராஜ்யத்தின் உத்தமம் அங்கே இருந்தது.

பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் வள்ளுவரும் இதையே அரசியலாகச் சொல்கிறார். இடித்துரைப்பவர் இல்லாத அரசன், கெடுக்கப் பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது அவர் கருத்து. வேதாகமம் இதற்கு ஒரு படி மேலே போய், இடித்துரைப்பவருக்கு ராஜாவின் முன்பாகவே ஓர் அலுவலை ஒதுக்குகிறது. அதுவே தீர்க்கதரிசியின் அலுவல். உபாகமம் 17-ஆம் அதிகாரம், வரப்போகும் ராஜா குதிரைகளையும் வெள்ளியையும் பொன்னையும் பெருக்கக் கூடாது என்று விலக்கியபின், நியாயப்பிரமாணத்தின் ஒரு பிரதியைத் தனக்காக எழுதி வைத்து ஆயுள் முழுவதும் வாசிக்கச் சொல்கிறது. தன் சகோதரர்மேல் அவன் இருதயம் உயராதிருக்கவே இந்த ஏற்பாடு. சிங்காசனத்தில் இருந்தாலும் அவன் சகோதரரில் ஒருவனே.

கணக்கின் ஆவிக்குரிய பொருள்

இருதயம் கண்ணுக்குத் தெரிவதில்லை, கணக்கு தெரியும். அதனால்தான் வேதாகமத் தலைவர்கள் இருதயத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கணக்கும் கூடவே வருகிறது. சாமுவேல் முதுமையில் சபையின் முன் நின்று, யாருடைய மாட்டை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன் என்று கேட்டார் (1 சாமுவேல் 12). ஒருவரும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் அதற்கு நான்கு அதிகாரங்களுக்கு முன்பே அவர் தம் குமாரரை நியாயாதிபதிகளாக வைத்ததும், அவர்கள் பரிதானம் வாங்கியதும் எழுதப்பட்டிருக்கின்றன. தகப்பனின் சுத்தம் பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடவில்லை. பதவியைக் குடும்பச் சொத்தாக்கும் வழக்கத்துக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை வேண்டியதில்லை.

நெகேமியா 12 ஆண்டுகள் அதிபதியாயிருந்தும் அதிபதிகள் வாங்கிவந்த படியை வாங்கவில்லை. ஜனங்களின் பாரம் ஏற்கெனவே கடினமாயிருந்தது என்பதே அவர் சொன்ன காரணம் (5:14–18). எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையாரிடம் காணிக்கை திரட்டிய பவுல் பணத்தைத் தனியே கையாளவில்லை. தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமாயிருக்க வேண்டும் என்றார் (2 கொரிந்தியர் 8:20, 21). ‘என் மனச்சாட்சி தேவனுக்குத் தெரியும்’ என்று சொல்லி ரசீதைத் தவிர்க்க அந்த அப்போஸ்தலன் இடம் வைக்கவில்லை.

வடதிருநெல்வேலியில் ஒரு செயலர்

இந்தப் பாடம் நம் கரிசல் நிலத்திலும் ஒருமுறை வாழ்ந்து காட்டப்பட்டது. தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். 1841-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெலோ ஆனார். 1846-இல் சென்னை வந்து சர்ச் மிஷன் சங்கத்தின் செயலரானார். மிஷனரிகளிடமிருந்து அறிக்கையும் கணக்கும் வந்து சேரும் நாற்காலி அது. திருநெல்வேலிச் சபைகளைப் பார்வையிடப் போனபோது, தெற்கே சபைகள் செழித்திருக்க, வடக்கே ஊழியம் ஏறக்குறைய இல்லாதிருப்பதை அவர் கண்டார். சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் எல்லாம் அன்று ஒரே திருநெல்வேலி மாவட்டம். 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோதுதான் எல்லை மாறியது.

அந்த வடபகுதிக்கு வேறு யாரையாவது அனுப்ப ராக்லண்டால் முடியும். அவர் தாமே போனார். 1854-இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்னும் இளையவர் இருவரோடு கூடாரமடித்து, ஊர் ஊராக நடந்தார். தென்பகுதிச் சபைகளிலிருந்து தமிழ் உபதேசியார்கள் முறைவைத்து வந்து அவர்களோடு ஊழியம் செய்தார்கள். கணக்குக் கேட்கும் இடத்திலிருந்தவர் கணக்குக் கொடுக்கும் இடத்துக்கு இறங்கினார். அவர் கண்ணால் கண்ட பலன் சிறிது. 1858 அக்டோபர் 22 அன்று, 43-ஆம் வயதில், சிவகாசியில் காலமானார்.

வெள்ளாளன்விளையின் மகன்

அரை நூற்றாண்டுக்குப் பின் அதே திருச்சபை மரபில் ஒரு தமிழர் அதே படியில் இறங்கினார். 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமாயிருந்தவர்களில் முதன்மையானவர். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. நிஜாம் ராஜ்யத்துத் தெலுங்கு நாட்டுக்கு வாலிபரை அனுப்பி வந்தவர், 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே தோர்ணக்கல் போனார். புதிதாகத் தெலுங்கு கற்று ஊழியம் செய்தார்.

1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டார் நிறைந்த சபையின் முன் பேசினார். மிஷனரிகளின் தியாகத்தை நன்றியோடு ஒப்புக்கொண்டார். ஆனால் அவர்கள் இந்திய ஊழியரைச் சமமாக நடத்தவில்லை என்பதையும், எங்களுக்கு நட்பு வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். சிலர் முகம் சுளித்தார்கள். தாழ்மை என்றால் வாய் மூடியிருப்பது என்று நினைப்பவர்கள் இந்த உரையை நினைத்துக்கொள்ள வேண்டும். நாத்தானுக்கும் தாழ்மை இருந்தது.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தோர்ணக்கல்லில் அவருடைய மந்தையில் பெரும்பாலோர் சமூகம் தள்ளிவைத்த மாலரும் மாதிகரும். வாழ்நாள் முழுவதும் அவர்களோடே இருந்தார். 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய சிறு கூட்டத்திலிருந்து திருச்சபை ஐக்கியத்துக்காக உழைத்தவர், 1945 ஜனவரி 1-இல் மறைந்தார். அந்த ஐக்கியத்தின் கனியான தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல்தான் பிறந்தது. தன் பெயரில் ஸ்தம்பம் நாட்டுகிறவரால் இப்படிப்பட்ட வேலையைச் செய்ய முடியாது.

நம் சபைகளுக்கு

இன்று நம் ஆலயங்களின் முகப்புச் சுவர்களில் கல்வெட்டுகள் கூடிவருகின்றன. யார் தலைமையில், யார் முன்னிலையில் என்று பெயர்கள் நிறைகின்றன. நன்றிக்காகப் பெயர் பொறிப்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தின் வரவுசெலவு சபையாருக்கு வாசிக்கப்பட்டதா என்பதே வேதாகமம் கேட்கும் கேள்வி. சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் கணக்குப் பற்றிச் சந்தேகம் கேட்கும் வாலிபனை ‘கலகக்காரன்’ என்று ஒதுக்கினால், நாத்தானுக்கு வாசலை அடைக்கிறோம். காணிக்கைத் தட்டில் பத்து ரூபாய் போடும் விதவைத் தாயார் எழுந்து கேட்டாலும், குருவானவரும் கமிட்டியாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். தேர்தலில் தோற்றபின் சபையைப் பிரிக்காதிருப்பதும், வென்றபின் தோற்றவரோடு ஒரே பந்தியில் அமர்வதும், காலம் முடிந்ததும் மகனையோ மருமகனையோ முன்னிறுத்தாமல் பொறுப்பை ஒப்படைப்பதும் தாழ்மையின் அன்றாட வடிவங்கள்.

இவை பெரிய காரியங்களாகத் தோன்றாமலிருக்கலாம். ஆனால் சவுலும் தாவீதும் பிரிந்தது போர்க்களத்தில் அல்ல. இருவருமே போரில் வென்றவர்கள். கேள்வி கேட்க வந்தவரை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதில்தான் அவர்கள் பிரிந்தார்கள். நம் தலைவர்களையும், நாம் பொறுப்பில் இருக்கும் இடத்தில் நம்மையும், அந்த ஒரு வேளையில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.