நெட் தகுதித் தேர்வு: தேனி, கம்பம் பள்ளத்தாக்கு

முனைவர் பட்ட ஆய்வில் சேரவும், கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி பெறவும் பல்கலைக்கழக மானியக் குழுவின் சார்பில் தேசியத் தேர்வு முகமை ஆண்டுக்கு இருமுறை நடத்தும் தேர்வு நெட். உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி (1956), போடிநாயக்கனூர் ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரி போன்றவற்றில் முதுகலை முடிப்போருக்கு ஆய்வின் முதன்மை வாசல் இதுவே. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மாணவர்களுக்கு வழி வேறு. வேளாண் படிப்புகளுக்குத் தனித் தேர்வு உண்டு.

மூன்று மணி நேரத்தில் இரண்டு தாள்கள், 150 வினாக்கள், 300 மதிப்பெண்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது; எனவே எந்த வினாவையும் விடாமல் எழுதலாம். பொதுப் பிரிவினருக்கு 40, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 35 விழுக்காடு கட்டாயம். இச்சலுகையைப் பெற ஓபிசி பிரிவினருக்கு மத்திய அரசுப் படிவத்தில் சான்றிதழ் வேண்டும். மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது.

2024 ஜூன் முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி தரும் பிரிவும் சேர்க்கப்பட்டது. அச்சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. முதலிடங்களில் வருவோருக்கு இளநிலை ஆய்வாளருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை: முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகளுக்கு, ஆய்வைத் தொடர்வதா விடுவதா என்பதை இத்தொகையே முடிவு செய்கிறது.

தமிழ்வழி மாணவர்கள் தடுமாறுவது முதல் தாளில்தான். பத்து அலகுகள், அலகுக்கு ஐந்து வினாக்கள். கற்பித்தல் திறன், தரவு விளக்கம், தருக்கம், உயர்கல்வி அமைப்பு என்று பரந்து கிடக்கும். தமிழ்ப் பாடத்தைத் தேர்ந்தவருக்கு இரண்டாம் தாள் தமிழில் வரும். முதல் தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தருக்க அலகில் இடம்பெறும் காட்சி, கருதல், உவமை முதலிய அளவைகள் மணிமேகலையின் 27ஆம் காதையில் விரிவாகப் பேசப்படுபவை. அதைப் பாடமாகப் படித்துத் தேறிய மாணவர், அதே பொருளில் வரும் ஆங்கில வினாவைப் புரிந்துகொள்ள நேரத்தை இழக்கிறார். முந்தைய ஆண்டு வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகுவதே இதற்குப் பயன்தரும் பயிற்சி.

இதே முகமை நீட் தேர்வைத் தமிழிலும் நடத்துகிறது. நெட் முதல் தாளையும் தமிழில் தர வேண்டும்.