மேலே காட்டுவதா, கீழே காட்டுவதா: ‘ரிமான்ஸ்ட்ரன்ஸ்’ என்றொரு வார்த்தை

மேனேஜர் எடுத்த முடிவு தப்புன்னு தோணுது. காரணங்களை வரிசையா எழுதி அவருக்கு மட்டும் மெயில் போடலாம். அதே மெயிலை மொத்த டீமையும் சிசியில வெச்சும் போடலாம். ஒரு எழுத்துகூட மாறல. ஆனா ரெண்டும் ஒரே மெயில் இல்லைன்னு வேலைக்குப் போற எல்லாருக்கும் தெரியும். கிட்டத்தட்ட இதே விஷயத்துக்காக 1641ல் இங்கிலாந்து பார்லிமென்ட்ல கத்தி வரைக்கும் கை போச்சு.

அந்த மெயிலோட பேர் ‘கிராண்ட் ரிமான்ஸ்ட்ரன்ஸ்’. ‘ரிமான்ஸ்ட்ரன்ஸ்’ இன்னிக்கு யாரும் பேச்சுல சொல்லாத, கோட்டு சூட்டு போட்ட வார்த்தை. லத்தீன்ல ‘மான்ஸ்ட்ராரே’ன்னா காட்டுறது. ‘டெமான்ஸ்ட்ரேஷன்’லயும் அதே வேர்தான். ஆக, இது கோஷம் இல்லை. அதிகாரத்துல இருக்கிறவர்கிட்ட, தப்புகளைக் காரணத்தோட எடுத்துக்காட்டி ஆட்சேபிக்கிறது. நம்ம ‘இடித்துரைத்தல்’ இதுக்குப் பக்கத்துல வரும்.

ராஜா முதலாம் சார்லஸ் 1629லிருந்து 11 வருஷம் பார்லிமென்ட்டே கூட்டாம ஆட்சி நடத்தினவர். பார்லிமென்ட் ஒப்புதல் இல்லாமலே ‘ஷிப் மணி’ன்னு கப்பற்படைக்கு வரி வாங்கினார். 1640ல் வேற வழியில்லாம கூட்டினப்போ, அத்தனை வருஷக் கோபமும் வெளியே வந்தது. அடுத்த வருஷம் ஜான் பிம் கோஷ்டி எழுதின பட்டியல்ல 204 பாயின்ட். இவ்வளவு எழுதியும் ராஜாவைக் குறை சொல்லல. பழியெல்லாம் கெட்ட ஆலோசகர்கள் மேலயும் பிஷப்புகள் மேலயும்தான். அதுதான் அந்த வார்த்தையோட மரியாதை.

நவம்பர் 22. விவாதம் நள்ளிரவு தாண்டிப் போச்சு. ஓட்டு 159க்கு 148. வெறும் 11 ஓட்டு வித்தியாசம்! உண்மையான சண்டை அதுக்கப்புறம்தான். இதை அச்சடிச்சு ஜனங்களுக்குக் கொடுக்கலாம்னு ஒரு பேச்சு எழுந்தது. எதிர்த்தவங்க எங்க மறுப்பைப் பதிவு பண்ணுங்கன்னு கத்தினாங்க. ஜெஃப்ரி பாமர்னு ஒரு வக்கீல் எழுந்து, எல்லார் சார்பாவும் ‘ப்ரொடெஸ்ட்’ பண்றேன்னார். சிலர் வாளை உறையோட கையில எடுத்துட்டாங்க. ஜான் ஹாம்டன் பேசித்தான் அமைதியாச்சுன்னு அங்கே இருந்த ஒருத்தர் பின்னாடி எழுதியிருக்கார்.

கொடுமை என்னன்னா, ராஜாவை ஆட்சேபிச்சு ரிமான்ஸ்ட்ரன்ஸ் நிறைவேத்தின அதே சபை, ‘ப்ரொடெஸ்ட்’னு சொன்ன பாமரை லண்டன் டவர் சிறையில போட்டது. பிரபுக்கள் சபையில பெரும்பான்மைக்கு எதிரா மறுப்பைப் பதிவு பண்ணலாம். காமன்ஸ் சபையில அந்த வழக்கம் கிடையாது. எனக்கு இந்த இடம் இன்னும் உறுத்துது. பாமரோட கட்சி எனக்குப் பிடிக்கல. ஆனா தோத்தவன் ‘நான் ஒத்துக்கலை’ன்னு ஒரு வரி எழுதிவைக்கக்கூட இடம் வேணாமா?

எதிர்த்தவங்கள்ல எட்வர்ட் டெரிங்தான் விஷயத்தைச் சரியா பிடிச்சார். ரிமான்ஸ்ட்ரன்ஸ்னா மேல பார்த்து ராஜாவுக்கு உண்மையைக் காட்டுறதுன்னு நினைச்சேன். கீழ பார்த்து ஜனங்களுக்குக் கதை சொல்றதுன்னு நான் கனவுலகூட நினைக்கலைங்கிறது அவர் வாதம். மேட்டிமைத்தனம்தான், சந்தேகமே இல்லை. ஆனா வார்த்தை எங்கே திசை மாறுதுன்னு அவர் கண்ணுக்குத் தெரிஞ்சிடுச்சு.

டிசம்பர் 1ஆம் தேதி ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில ராஜாகிட்ட கொடுத்தாங்க. நான் பதில் சொல்ற வரைக்கும் வெளியிடாதீங்கன்னார். பதில் வர்றதுக்கு முன்னாடியே, டிசம்பர் நடுவுல, அச்சடிக்க முடிவு பண்ணிட்டாங்க. அடுத்த மாசமே ராஜா ஆயுதம் ஏந்தின ஆட்களோட வந்து, அஞ்சு உறுப்பினர்களைக் கைது பண்ண சபைக்குள்ள நுழைஞ்சார். 1642 ஆகஸ்ட்ல உள்நாட்டுப் போர்.

நம்ம டெரிங் என்ன ஆனார்? 1642 ஆரம்பத்துல தன்னோட பேச்சுகளையெல்லாம் தொகுத்து, தானே புத்தகமா அச்சடிச்சு வெளியிட்டார். ஆமா, ஜனங்களுக்குத்தான். சபை அவரை வெளியேத்தி டவருக்கு அனுப்பிட்டு, புத்தகத்தை எரிக்கச் சொன்னது.