டிரையாஸ்: செடியின் பெயர் குளிருக்கு வந்த கதை

கடைசிப் பனியுகம் விலகி வெப்பம் ஏறிவந்த வேளையில், வட அட்லாண்டிக்கைச் சூழ்ந்த நாடுகளுக்குக் குளிர் திடீரெனத் திரும்பியது. சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன்வரை நீடித்த அந்தக் காலத்துக்கு ‘இளைய டிரையாஸ்’ என்று பெயர்.

டிரையாஸ் என்பது ஒரு செடி. பெயர் சூட்டியவர் லின்னேயஸ். கிரேக்கத்தில் ‘ட்ரூஸ்’ என்றால் ஓக் மரம், அதில் உறையும் அணங்கு ‘ட்ரையாஸ்’. செடியோ தரையோடு படர்வது. இலை மிகச் சிறியது. ஆனால் ஓரம் ஓக் இலையைப் போலவே வளைந்து வளைந்து வெட்டுப்பட்டிருக்கும். மேலே கரும்பச்சை, அடியில் வெண்மயிர். பூவுக்குப் பெரும்பாலும் எட்டு வெள்ளை இதழ்கள். மர அணங்கின் பெயர் தாங்கிய இச்செடி, மரமே வளராத குளிர்வெளிகளில் செழிக்கிறது.

1901-இல் டென்மார்க்கின் அல்லெரோடில், செங்கல்லுக்கு மண் எடுத்த குழியை ஹார்ட்ஸ், மில்டெர்ஸ் என்ற இருவர் ஆராய்ந்தனர். கீழே டிரையாஸ் இலைகள் புதைந்த களிமண். அதன்மேல் பிர்ச் மர எச்சங்கள் கொண்ட சேற்றடுக்கு. அதற்கும் மேலே மறுபடி டிரையாஸ் களிமண். குளிர், இதம், மீண்டும் குளிர் என்று மண்ணே வரிசையாகச் சொன்னது. மேலடுக்கின் காலமே ‘இளைய’ டிரையாஸ்.

அக்காலத்தில் ஐரோப்பிய மலைகளில் பனியாறுகள் மறுபடி முன்னேறின. ஸ்காட்லாந்தின் கிளென் ராய் பள்ளத்தாக்கில் பனி வாயிலை அடைத்ததால் ஏரி தேங்கியது. அதன் பழைய கரைகள் மலைச்சரிவில் கிடைமட்டக் கோடுகளாக இன்றும் தெரிகின்றன. கடலலை செதுக்கியவை என்று டார்வின் நினைத்தார். பனி அணைகட்டிய ஏரியின் கரைகள் என்று 1840-இல் சரியாகச் சொன்னவர் லூயி அகாசி.

பெயர் பரவிய வேகத்தில், உலகமே அப்போது குளிர்ந்தது என்ற எண்ணமும் பரவியது. அதை நம்பக் கூடாது என்பதே என் கருத்து. நியூசிலாந்துப் பனியாறுகள் விட்டுச்சென்ற கற்குவியல்களில் காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கிய பெரிலியம்-10-ஐ அளந்தபோது வேறு கணக்கு கிடைத்தது. அங்கே பனி முன்னேறியது சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன். இளைய டிரையாஸ் காலத்தில் அது பின்வாங்கிக்கொண்டிருந்தது. வெப்பத்தை வடக்கே கொண்டுசெல்லும் அட்லாண்டிக் நீரோட்டம் தளர்ந்ததால் வடக்கு குளிர, தெற்கு வெப்பமடைந்தது என்பதே வலுவான விளக்கம். அதற்கு முன் தெற்கில் நிலவிய குளிருக்கு ‘அண்டார்க்டிக் குளிர்த் திருப்பம்’ என்று தனிப்பெயர் உண்டு. நியூசிலாந்துப் பனியாறுகளின் அந்த முன்னேற்றத்தைப் பற்றி எழுதுவோர் அதையே ஆளவேண்டும்.