நுரையீரற் புற்றுநோய்க்குப் பின் வரும் இரண்டாம் முதன்மைப் புற்றுநோய்

இரண்டாம் முதன்மைப் புற்றுநோய் என்பது, ஒரு புற்றுநோயிலிருந்து மீண்டவருக்குப் புதிதாகத் தோன்றும் வேறொரு புற்றுநோய் ஆகும். இது பழைய நோய் திரும்பி வருவதோ, அதன் உயிரணுக்கள் வேறிடத்திற்குப் பரவுவதோ அன்று. நுரையீரற் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு இது நுரையீரலிலேயே மீண்டும் தோன்றலாம். வாய், தொண்டை, உணவுக்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றிலும் தோன்றலாம். புகையிலைப் புகை ஓர் இடத்தை மட்டுமன்றி மூச்சுப்பாதை முழுவதையும் பாதிப்பதே இதற்கு முதன்மையான காரணம். சிறுசெல் அல்லாத வகை நோய்க்கு அறுவை சிகிச்சை பெற்று நலமடைந்தோரில், 100 பேருக்கு ஆண்டுக்கு 1 முதல் 2 பேர் வரை புதிய நுரையீரற் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர்.

வேறுபடுத்தி அறிதல்

1975-இல் மார்ட்டினி, மெலமெட் ஆகியோர் வகுத்த அளவுகோல்கள் இன்றும் பயன்படுகின்றன. இரு கட்டிகளின் இழைய வகை வேறாக இருந்தால் இரண்டாவது புதிய நோயாகக் கொள்ளப்படும். வகை ஒன்றாக இருப்பினும், இடையில் 2 ஆண்டுகளேனும் நோயின்றிக் கழிந்திருந்தால் அவ்வாறே கருதலாம். தற்காலத்தில் இரு கட்டிகளின் மரபணு மாற்றங்களும் ஒப்பிடப்படுகின்றன. இப்பிரிப்பு பெயரளவிலானது அன்று. பரவிய நோயைப் பெரும்பாலும் கட்டுப்படுத்த மட்டுமே இயலும். தொடக்க நிலையிலுள்ள புதிய கட்டியையோ அறுவை சிகிச்சையாலோ கதிர் சிகிச்சையாலோ முற்றிலும் குணப்படுத்த இயலும். "பழைய நோய் திரும்பிவிட்டது" என்று நோயாளியின் குடும்பத்தார் தாமாகவே முடிவு செய்துகொள்வது இவ்வாய்ப்பை இழக்கச் செய்யக்கூடும்.

வேலூர் – ஆம்பூர் தோல் தொழிற் பகுதி

இப்பகுதியில் புகையிலையுடன் தொழில்சார் காரணிகளும் சேர்கின்றன. தோல் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கியாக வகைப்படுத்தப்படவில்லை. ஆறு இணைதிறன் குரோமியமே நுரையீரற் புற்றுநோயை உண்டாக்குவது. இவ்விரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. இராணிப்பேட்டையில் குரோமேட்டு வேதிப்பொருட்களைத் தயாரித்து, 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் தொழிற்சாலையின் கழிவுக் குவியலில் இருந்தது இந்த இரண்டாம் வகையே. 2006-இல் பிளாக்சுமித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இடம்பெற்றது.

தோல் தூசி மூக்கறையிலும் அதனைச் சூழ்ந்த எலும்புக் குழிகளிலும் புற்றுநோயை உண்டாக்கவல்லது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. எனவே, காலணித் தொழிலில் இருந்த ஒருவர் நுரையீரற் புற்றுநோயிலிருந்து மீண்டபின், ஒரு பக்க மூக்கடைப்போ மூக்கில் இரத்தக் கசிவோ நீடித்தால் தனியே ஆராயப்பட வேண்டும். குரோமியத்தின் விளைவு வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆதலால், வேலையை விட்டு நெடுங்காலம் ஆகியிருந்தாலும் எந்தத் தொழிற்சாலையில், எப்பிரிவில், எத்தனை ஆண்டுகள் பணிபுரிந்தார் என்பதை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

தொடர் கண்காணிப்பு

முதற் சில ஆண்டுகள் கடந்தபின் ஆண்டுக்கொருமுறை குறைந்த கதிரளவு சி.டி. படம் எடுக்கப்படுகிறது. புகைப்பதை நிறுத்தினால் இரண்டாம் நோய்க்கான வாய்ப்பு குறைகிறது; இது சிகரெட்டுக்கு மட்டுமன்றிப் பீடிக்கும் பொருந்தும்.