சிறு விமான பேட்டரியும் இன்ஜின் அறை வெப்பமும்

ஒற்றை இன்ஜின் கொண்ட சிறு விமானங்கள் பலவற்றில் பேட்டரி, இன்ஜினையும் விமானி அறையையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரில்தான் பொருத்தப்படுகிறது. செஸ்னா 152-லும், 172-இன் 24 வோல்ட் மாடல்களிலும் அது சுவரின் முன்பக்கம், வெப்பம் மிகுந்த இன்ஜின் அறைக்குள்ளேயே இருக்கிறது. பைப்பர் செரோக்கி விமானங்களின் பழைய மாடல்களில் பின்இருக்கைக்கு அடியில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் இந்த வெப்பம் ஆண்டு முழுவதுமான சிக்கல். ஈப்போவின் வடமேற்கே ஜெலாப்பாங், தென்கிழக்கே சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம். இரண்டு இடத்திலும் பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸைத் தொடுவது வழக்கம். பேட்டரி இளைப்பாற இங்கே குளிர்காலம் கிடையாது.

ஈய-அமில பேட்டரியின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. தகடுகளின் அரிமானமும், சும்மா கிடக்கும்போது மின்சாரம் வடிவதும் வேகமெடுக்கின்றன. நீர் ஊற்றும் வகையில் இழந்த நீரை ஈடுசெய்யலாம். அடைப்பு வகையில் முடியாது. உள்ளே காய்ந்தால் காய்ந்ததுதான்.

பறக்கும்போது காற்று வெப்பத்தை அள்ளிச் செல்கிறது. மோசமான நேரம் தரையிறங்கி இன்ஜினை நிறுத்திய பிறகே. மெனோரா சுரங்கப்பாதை மலை ஏறியிறங்கி ஜெலாப்பாங்கில் நிற்கும் லோரியின் இன்ஜினைப் போல, சிலிண்டர்களிலும் புகைபோக்கியிலும் தேங்கிய சூடு போக வழியின்றி மேலேறி, அருகிலுள்ள அனைத்திலும் பரவுகிறது. ஆகவே பறக்கும்போது மட்டும் அளந்த வெப்பநிலையை நம்பக் கூடாது.

பாதுகாப்பில் முதலிடம் காற்றுக்கே. இன்ஜினின் குளிர்காற்றுத் தடுப்புத் தகட்டிலிருந்து ஒரு குழாய் வழியே காற்றைப் பேட்டரிப் பெட்டிக்குக் கொண்டு வரலாம். புகைபோக்கிக்கு எதிரே பளபளப்பான உலோகத் தகடு வைத்தால் கதிர்வீச்சு வெப்பம் திரும்பிவிடும். தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி அவசியம். பெட்டியை முழுக்க மூடிப் போர்த்துவது தவறு. சார்ஜ் ஏறும்போது உண்டாகும் ஹைட்ரஜன் வெளியேற வேண்டும். காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றக்கூடும்.

சார்ஜ் மின்னழுத்தத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு செல்லுக்குச் சுமார் 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். 12 செல் பேட்டரி 45 டிகிரியில் இருந்தால் ஏறத்தாழ 1 வோல்ட் குறைவு. மிதவெப்ப நாட்டுக்காகச் சரிசெய்த ரெகுலேட்டர் இதை அறியாமல் பேட்டரியை ஓயாமல் மிகைச்சார்ஜில் வாட்டும். உற்பத்தியாளரின் வெப்பநிலை அட்டவணையைப் பார்த்து அளவை மாற்றுவது, கேடயத் தகட்டைவிடச் செலவு குறைந்த வேலை.

எடை குறைந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை இந்தச் சூட்டுக்கு எளிதான தீர்வன்று. அனுமதித்த வெப்பநிலையைத் தாண்டினால் அதன் கட்டுப்பாட்டுச் சுற்று மின்தொடர்பையே துண்டிக்கக்கூடும். மேக்னெட்டோ பற்றவைப்புள்ள இன்ஜின் அப்போதும் ஓடும். மின்னணு எரிபொருள் செலுத்தம் உள்ள இன்ஜினுக்கோ மின்சாரமே உயிர். ஆல்டர்னேட்டர் பழுதானால் வானொலிக்கும் கருவிகளுக்கும் எஞ்சியிருப்பது பேட்டரி மட்டுமே என்பதால், அதன் கொள்ளளவை ஆண்டுதோறும் சோதித்தறிவது விமானி உயிரைக் காக்கும் வேலை.

பேட்டரியை வால்பகுதிக்கு மாற்றினால் சூடு ஒழியும். ஆனால் 10 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் இடம் மாறுவதால் விமானத்தின் ஈர்ப்பு மையம் பின்னகரும். நீண்ட கம்பியில் மின்னழுத்தம் குறைந்து ஸ்டார்ட்டர் தளரும், அதனால் தடித்த கம்பி தேவைப்படும். மலேசியப் பதிவு பெற்ற விமானத்தில் இத்தகைய மாற்றத்திற்கு, 2018 பிப்ரவரியில் அமைந்த மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளின்படி அங்கீகாரம் பெற்று, எடைச் சமநிலையையும் மறுபடி கணக்கிட வேண்டும்.