பழைய ஜீப்பின் ஸ்டியரிங் தண்டு

ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பும் விசையை ஸ்டியரிங் பாக்ஸுக்குக் கொண்டுசேர்க்கும் எஃகுத் தண்டு இது. பட்டறைகளில் ஸ்டியரிங் ஷாப்ட் என்பார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்திலுள்ள கல்லாவி போன்ற ஊர்களில் மாந்தோப்புத் தடத்திலும் கல்குவாரிப் பாதையிலும் ஓடும் பழைய ஜீப்புக்குப் புழுதியும் குலுக்கலுமே முதல் எதிரிகள்.

மகிந்திரா நிறுவனம் 1947-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கிப் பூட்டத் தொடங்கியது. அதன் சிஜே-3பி வகையில் தண்டும், பாக்ஸுக்குள் இருக்கும் திருகுபள்ளம் வெட்டிய கேமும் ஒரே துண்டு. தண்டு உள்ளீடற்றது, ஹாரன் வயர் அதன் வழியே மேலேறுகிறது. நடுவில் மூட்டு எதுவும் கிடையாது. முன்பக்கம் பலமாக மோதினால் தண்டு ஓட்டுநரின் மார்பை நோக்கித் தள்ளப்படும் ஆபத்து இந்த அமைப்பிலேயே உண்டு. பிற்கால வண்டிகளில் தண்டு பிரிக்கப்பட்டு, இடையில் கிராஸ் மூட்டும் ரப்பர் கப்ளிங்கும் வந்தன.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 98-ஆம் விதி, ஸ்டியரிங் வளையத்தில் 30 பாகைக்கு மேல் வெற்றாட்டம் கூடாது என்கிறது. 40 செ.மீ. விட்டமுள்ள வளையத்தின் விளிம்பில் இது ஏறத்தாழ 10 செ.மீ. அந்த அளவு வரும்வரை காத்திருப்பது மலைப்பாதை ஓட்டுநருக்குத் தகாது.

ஆட்டம் கண்டதும் தண்டையே குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி வேறிடத்தில் இருக்கும். ஒருவர் வளையத்தை மெல்ல இருபுறமும் அசைக்க, மற்றொருவர் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். டை ராடு முனைகள், கிங் பின் பேரிங், சிஜே-3பி என்றால் முன்பக்கத்திலுள்ள பெல் கிராங்க்: இவற்றில் தேய்மானம் இருக்கையில் பாக்ஸை இறுக்கினால் ஆட்டம் அப்படியே இருக்கும், ஸ்டியரிங் மட்டும் கெட்டியாகும். பாக்ஸ் சட்டத்தோடு சேரும் போல்ட்டுகளையும் அந்த இடத்தில் சட்டம் விரிசல் விட்டிருக்கிறதா என்பதையும் பார்க்காமல் எழுந்துவிடக் கூடாது.

வளையம் பக்கவாட்டில் ஆடினால் தண்டைச் சூழ்ந்த ஸ்டியரிங் காலம் குழாயின் மேல்முனை பேரிங் தேய்ந்திருக்கும். மேலும் கீழுமாக இழுபட்டால் கேமின் பேரிங்குகள் தளர்ந்துள்ளன. பாக்ஸின் மேல்மூடிக்கு அடியிலுள்ள ஷிம்களை ஒவ்வொன்றாகக் குறைத்து அதைச் சரிசெய்வார்கள். பக்கமூடியிலுள்ள திருகைச் சக்கரங்கள் நேராக நிற்கும் நிலையில் மட்டுமே இறுக்க வேண்டும். கேமின் பள்ளம் அந்த நடுநிலையில் வேண்டுமென்றே ஆழம் குறைவாக வெட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் திரும்பியிருக்கும்போது பிடிப்பாக இறுக்கினால் நேராக வரும் இடத்தில் ஸ்டியரிங் சிக்கிக்கொள்ளும்.

மூட்டுள்ள தண்டில் அடையாளம் வேறு. ஒரு சுற்றில் இரண்டு இடங்களில் கனத்து, வளைவுக்குப் பின் தானாக நேராகத் திரும்பவில்லை என்றால் கிராஸ் துருவேறி இறுகியிருக்க வாய்ப்பு மிகுதி. எண்ணெய் விட்டால் சில நாள் தாங்கும், மாற்றுவதே தீர்வு. கழற்றும் முன் தண்டிலும் மூட்டிலும் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு கிராஸ் உள்ள தண்டில் நடுத்துண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் அமையாவிட்டால் திருப்பம் சீராக வராது. பூட்டும்போது, கவ்வும் போல்ட் தண்டிலுள்ள காடியில் சரியாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். காடி தவறினால் போல்ட் இறுகியது போலத் தோன்றும், ஓட்டத்தில் தண்டு உருவிக்கொள்ளும்.

ஸ்பிளைன் என்னும் பல்வரி தேய்ந்த தண்டை வெல்டு வைத்து லேத்தில் கடைந்து தருவதை ஏற்கவே கூடாது. வெல்டின் சூட்டில் எஃகின் பதம் கெடும். விரிசல் வெளியே தெரியாமல் வளரும். பிரேக் பழுதானால் கியரைக் குறைத்தாவது சமாளிக்கலாம், ஸ்டியரிங் அறுந்தால் செய்ய எதுவுமில்லை.

சென்னை புதுப்பேட்டையிலும் பெங்களூரு ஜே.சி. சாலையிலும் பழைய பாகங்கள் தேடலாம். ஓசூர்ப் பக்கத்தவருக்குப் பெங்களூருதான் கிட்டம். பழைய தண்டை வாங்கினால் சமதளத்தில் உருட்டி வளைவைச் சோதித்து, சாயம் ஊடுருவும் முறையில் விரிசலும் பார்த்த பிறகே பூட்ட வேண்டும். பவர் ஸ்டியரிங்குக்கு மாற்ற நினைப்பவர்கள் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டி மாற்றங்களுக்கு வரம்பு விதிப்பதால், வேலை தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.